இன்றைக்கு என்ன சமைத்திருக்கிறீர்கள்?

ரொறன்ரோவில் டான்ஃபோர்த் வீதியின் கிரேக்கப் பகுதி செஸ்டர் சுரங்க ரயில் நிலையத்தை அண்டிப் பேப் சந்தி வரையில் நெருக்கமாக நீள்கிறது. வீதிப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு கிரேக்க எழுத்தும் இருக்கும். லோகன் சந்தியிலுள்ள சிறு சதுக்கத்தில் மகா அலெக்சாந்தரின் சிலை நிற்கும். அங்கே எந்தச் சாதாரண உணவகத்துக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் ஒரே கோப்பைதான் நம் முன்னால் வரும்: கம்பியில் கோத்துச் சுட்ட கோழி அல்லது பன்றி இறைச்சி, பக்கத்தில் சோறு, தேசிப்புளி விட்டுப் போறணையில் வாட்டிய உருளைக்கிழங்கு, சலாது, யோகட்டில் வெள்ளரியும் உள்ளியும் கலந்த ட்சாட்சிக்கி ஒரு கரண்டி. சுவ்லாக்கி என்ற பெயரில் வரும் அந்தக் கோப்பையை நான் விரும்பித்தான் உண்கிறேன். ஆனால் அதோடு நின்றுவிடுகிறவர்கள் கிரேக்கச் சமையலின் சிறந்த பாதியைச் சுவைக்காமலே வீடு திரும்புகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாதி காலையிலேயே ஒலிவ் எண்ணெயில் மெல்ல வெந்து, பானையிலும் போறணைத் தட்டிலும் மதியம் வரை ஆறிக்கொண்டிருக்கும் காய்கறியும் பயறும் ஆகும். உணவுப் பட்டியலில் அது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சில கடைகளில் பட்டியலிலேயே இராது.

ஃபசோலாக்கியா என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முனை கிள்ளிய போஞ்சி, வெங்காயம், உள்ளி, துருவிய தக்காளி, சில வேளை ஓரிரு உருளைக்கிழங்குத் துண்டுகள், ஒரு பிடி பார்ஸ்லி இலை, இவற்றோடு நம் வீடுகளில் எவரும் துணிந்து ஊற்றாத அளவுக்கு ஒலிவ் எண்ணெய். தண்ணீர் மிகக் குறைவு. மூடி போட்டு, நெருப்பைத் தணித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காயின் தண்ணீரும் தக்காளியின் தண்ணீரும் வற்றி, அடியில் எண்ணெய் மட்டும் தெளிந்து நிற்கும் தறுவாயில் இறக்குகிறார்கள். போஞ்சி அப்போது பச்சை நிறத்தை இழந்து மங்கிய ஒலிவ் நிறத்துக்கு வந்திருக்கும். பல்லுக்கு வேலை இராது. கறுக்கென்று கடிபட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர் முதல் வாயில் ஏமாற்றம் அடையலாம். ஆனால் அந்த எண்ணெயில் தக்காளியின் புளிப்பும் வெங்காயத்தின் இனிப்பும் முழுவதும் இறங்கியிருக்கும். அதைப் பாண் துண்டால் துடைத்து, மேலே ஒரு துண்டு ஃபெட்டா சீஸை நொறுக்கிப் போட்டு உண்ணும்போது, இறைச்சி எதுவும் தேவை என்ற நினைவே எழுவதில்லை. இதைக் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறவும் மாட்டார்கள். இளஞ்சூட்டில், அல்லது அறையின் வெப்பத்தில் தருவார்கள்; ஆறிய பிறகுதான் அதன் சுவை கூடுகிறது. தெரியாதவர் இதைப் பழைய சாப்பாடு என்று எண்ணித் திருப்பி அனுப்பக்கூடும் என்பதும் இந்தச் சமையல் வெளிநாட்டில் பின்தங்கியதற்கு ஒரு காரணம்.

என் சித்தப்பா 1980களின் இறுதியில் கனடாவுக்கு வந்து, அக்காலத்தில் வந்த ஈழத்தமிழர் பலரைப் போலவே உணவகக் குசினியில் வேலை தொடங்கினார். அது டான்ஃபோர்த்தில் ஒரு கிரேக்கரின் கடை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கிப் பிறகு காய் வெட்டவும், இறைச்சியைத் தேசிப்புளியிலும் ஒறேகானோ இலையிலும் ஊறப்போடவும், இறுதியில் அடுப்பில் நிற்கவும் பழகினார். மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணியளவில் முதலாளியின் குடும்பம் குசினியின் பின்பக்க மேசையில் அமரும்போது அவரையும் கூப்பிட்டு அமர்த்துவார்களாம். “சனத்துக்கு இறைச்சியைச் சுட்டுக் குடுத்துப்போட்டு, தாங்கள் பின்னாலை இருந்து போஞ்சியும் கீரையும்தான் தம்பி சாப்பிடுவாங்கள். எனக்கும் அதிலைதான் முதல் பங்கு” என்று அவர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலாளியின் தாயார் காலை ஏழு மணிக்கே வந்து ஒரு பெரிய பானையை ஏற்றிவிடுவாராம். அந்தப் பானை பட்டியலில் இல்லை. கிரேக்கர் எவராவது உள்ளே வந்து கேட்டால் கிடைக்கும்.

கடையின் முன்பக்கத்துக்கு ஒரு சமையலும் பின்பக்கத்துக்கு வேறொரு சமையலும் என்ற இந்தப் பிரிவுக்கு ரொறன்ரோவில் நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகருக்கு வந்த கிரேக்கர்கள் ஏராளமாக உணவகம் நடத்தினார்கள். ஆனால் கிரேக்க உணவை விற்கவில்லை. முட்டை, வாட்டிய பாண், மாட்டிறைச்சி, கோப்பி என்று ஊரார் கேட்டதை விற்றார்கள். 1918 ஓகஸ்ட் தொடக்கத்தில், போரிலிருந்து திரும்பிய ஊனமுற்ற படைவீரர் ஒருவரைக் கிரேக்கருக்குச் சொந்தமான யங் வீதி உணவகமொன்றிலிருந்து வெளியேற்றினார்கள் என்ற செய்தி பரவியபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு நாட்கணக்கில் கிரேக்கரின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். கிரேக்கர்கள் போரில் பங்கெடுக்காமல் இங்கே இருந்து பணம் சேர்க்கிறார்கள் என்ற வெறுப்பு அதற்கு முன்பே மூண்டிருந்தது. சுமார் 20 உணவகங்கள் சேதமடைந்தன. கடைகளை எரித்துக் கொள்ளையிட்ட 1983 ஜூலையின் பின்னர் இந்நகருக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு இந்த வரலாற்றைப் படிக்கும்போது எழும் உணர்வை நான் விளக்க வேண்டியதில்லை. உயிரும் முதலும் ஊராரின் பொறுமையைச் சார்ந்திருந்த காலத்தில், தன் தாயின் பானையைக் கடையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவர எந்த முதலாளியும் துணிந்திருக்க மாட்டார்.

டான்ஃபோர்த் கிரேக்கப் பகுதியாக மாறியது வெகு பின்னர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரும் குடிவரவில். 1950களிலும் 60களிலும் கிராமங்களிலிருந்து வறுமை காரணமாகவும், 1967 முதல் 1974 வரை நீடித்த இராணுவ ஆட்சியின்போது அரசியல் காரணமாகவும் வந்தவர்கள் இங்கே வீடு வாங்கினார்கள், தேவாலயம் கட்டினார்கள், கடை திறந்தார்கள். அப்போதுதான் கிரேக்க உணவு என்று வெளிப்படையாக எழுதி விற்கத் தொடங்கினார்கள். அதிலும் முன்னால் வந்தது இறைச்சிதான். வியாபாரக் கணக்கு மட்டும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

போருக்குப் பின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆதரவில் லேலண்ட் ஆல்பா என்ற ஆய்வாளரின் தலைமையில் கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள வீடுகளில் உணவுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. தானியம், பயறு, காட்டுக்கீரை, பழம், ஒலிவ் எண்ணெய் ஆகியவையே அம்மக்களின் உணவு. இறைச்சி, மீன், பால், முட்டை எல்லாம் சேர்ந்தும் அவர்கள் பெற்ற கலோரியில் சுமார் 7 விழுக்காடுதான். அதன் பின்னர் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நடத்திய ஏழு நாடுகளின் ஆய்வில் கிரீட் ஆண்களிடையே இதயநோய் மிகக் குறைவாக இருந்தது தெரியவந்து, மத்தியதரைக்கடல் உணவுமுறை என்ற பெயர் உலகெங்கும் பரவியது. யுனெஸ்கோ 2010இல் அதைக் கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின், மொரோக்கோ ஆகிய நாடுகளின் பொது மரபாகப் பதிவு செய்தது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்தவை. ஆனால் அந்த முதல் கணக்கெடுப்பில், உணவில் எது வேண்டும் என்று கேட்டபோது கிரீட் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை இறைச்சி என்றே சொன்னதைப் பேசுகிறவர்கள் குறைவு. பின்னாளில் உலகம் போற்றிய அந்த உணவு அவர்களுக்கு வறுமையின் உணவு. பெருநாளில் மட்டும் ஆட்டை வெட்டிய ஊரிலிருந்து, நாள்தோறும் இறைச்சி வாங்கக்கூடிய நாட்டுக்கு வந்தவர், விருந்தாளியின் முன்னால் போஞ்சியை வைப்பாரா? கோப்பை நிறைய இறைச்சி வைப்பதுதான் அவருக்கு மரியாதை. அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் சுவ்லாக்கிக் கோப்பையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

குசினியின் நடைமுறையும் இறைச்சிக்கே சாதகம். ஊறிய இறைச்சி குளிர்பெட்டியில் காத்திருக்கும். கேட்ட பிறகு சுட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேசைக்குப் போய்விடும். விற்காதது நாளைக்கு இருக்கும். பானையில் சமைத்தது அப்படியல்ல. காலையிலேயே எத்தனை பேர் கேட்பார்கள் என்று கணித்து ஏற்ற வேண்டும். கணிப்புத் தவறினால் நட்டம். வட அமெரிக்காவின் கிரேக்கக் கடைகளில் சுழலும் கீரோ இறைச்சியும் இப்படிப்பட்ட வசதியின் விளைவுதான். கிரேக்கத்தில் பெரும்பாலும் பன்றி இறைச்சியை மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் ஏற்றிச் சுடுகிறார்கள். இங்கே பரவியிருப்பதோ மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்து அழுத்திக் கூம்பாக்கியது. 1970களில் சிக்காகோவின் தொழிற்சாலைகளில் பெருமளவில் செய்யத் தொடங்கியதிலிருந்து அது கண்டமெங்கும் போனது. பொரித்த சீஸின்மேல் மதுவை ஊற்றிக் கொளுத்தி, பரிமாறுபவர் “ஓபா!” என்று கூவும் சகனாக்கியும் 1960களின் இறுதியில் சிக்காகோவில் பிறந்த வழக்கமே. கிரேக்கத்தில் அதைத் தாச்சியில் பொரித்து, தேசிக்காயைப் பிழிந்து, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் அந்தத் தீயைப் பார்க்கத்தான் டான்ஃபோர்த்துக்கு வர விரும்புகிறார்கள் என்பதால் அதற்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை.

பானைச் சமையலுக்குரிய இடத்தைப் பார்க்க ஏதென்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. நகரின் நடுச்சந்தையான வர்வாக்கியோஸ் அதினாஸ் வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் மீனும் இறைச்சியும், வீதியைக் கடந்தால் காயும் பழமும். அதற்கு அருகே டிப்போர்டோ என்றொரு நிலவறைச் சாப்பாட்டுக்கடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. தரையோடு ஒட்டிய கதவைத் திறந்து படியிறங்கினால், சுவரோரம் பெரிய மதுப்பீப்பாய்களும், மேலே காகிதம் விரித்த சில மேசைகளும். உணவுப் பட்டியலும் இல்லை. கொண்டைக்கடலையை வெங்காயத்தோடும் எண்ணெயோடும் நீண்ட நேரம் வேகவைத்த ரெவீத்தியா என்ற சாறு அங்கே பெயர்போனது. கடலை உருக்குலையாமல், ஆனால் நாக்கால் அழுத்தினாலே மசியும் பதத்தில் இருந்தது. தேசிப்புளியை நாமே பிழிந்துகொள்ள வேண்டும். சந்தையில் மூட்டை தூக்குகிறவரும் அலுவலக உடையில் வந்தவரும் ஒரே மேசையில் இடித்துக்கொண்டு அமர்ந்து அதையே உண்டார்கள். தவேர்னா என்று சொல்லும் வேறு பல சிறு சாப்பாட்டுக்கடைகளிலும் குசினிக்குள் எட்டிப்பார்த்துப் பானைகளைக் காட்டச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. மொழி தெரியாதவருக்கு அதைவிட நல்ல உணவுப் பட்டியல் கிடையாது. “இன்றைக்கு என்ன சமைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால், பரிமாறுபவரின் முகம் மாறுவதை அங்கேதான் முதலில் கவனித்தேன். சுவ்லாக்கியைச் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவார். இதைக் கேட்டால் நின்று பேசுவார்.

அங்கே கோப்பைகள் மேசையின் நடுவுக்கு வருகின்றன. தனக்கென்று ஒரு கோப்பை என்ற எண்ணமே குறைவு. ஆயத்தமானது ஆயத்தமான வரிசையில் வரும்; சலாது முதலில் வந்து இறுதி வரை மேசையில் இருக்கும். கிராமத்துச் சலாதில் இலைக்கோசு கிடையாது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், கறிமிளகாய், ஒலிவ் காய், மேலே முழுத்துண்டாக ஃபெட்டா, ஒறேகானோ, எண்ணெய், அவ்வளவுதான். செம்மறிப் பாலில், ஆட்டுப்பால் 30 விழுக்காட்டுக்கு மேற்படாமல், கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் செய்ததையே ஃபெட்டா என்று விற்கலாம் என்ற ஐரோப்பிய விதி 2002இல் வந்து, 2005இல் நீதிமன்றத்தில் உறுதியானது. மேசையிலுள்ள ஒலிவ் எண்ணெய்ப் போத்தலும் மீண்டும் நிரப்ப முடியாத வகையாக இருக்க வேண்டும் என்று 2018 முதல் சட்டம். உறைபனியில் வைத்த மீனையோ கணவாயையோ பட்டியலில் ஒரு குறியிட்டுத் தெரிவிப்பார்கள். பற்றுச்சீட்டுத் தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற அறிவிப்பும் பட்டியலிலேயே அச்சாகியிருக்கும். கடையின் சொந்த மதுவை அலுமினியக் குவளையில் கிலோக் கணக்கில் அளந்து தருகிறார்கள். சாதாரணக் கடைக்கே இவ்வளவு ஒழுங்கு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இறைச்சி இல்லாத உணவு இவ்வளவு செழித்ததற்கு வறுமை மட்டுமன்றி விரதமும் காரணம். மரபுவழிக் கிறித்தவ சபையின் நாட்காட்டியில் விரத நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய பாதி. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய பெருவிரதம், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய விரதம், ஓகஸ்டில் மாதாவுக்கான இரு வாரங்கள், அவற்றோடு பெரும்பாலான புதன், வெள்ளிகள். இறைச்சியும் முட்டையும் பாலும் விலக்கு; முள்ளெலும்புள்ள மீனும் விலக்கு; ஆனால் கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றுக்குத் தடையில்லை. கடுமையாக அனுசரிப்பவர்கள் இன்று குறைந்திருந்தாலும், அந்த விதிகளுக்குள் சமைத்துச் சமைத்துத் தேர்ந்த கை குறையவில்லை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் சைவம் சமைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, நாள் பார்த்து உண்ணும் இந்தப் பழக்கத்தின் பயன் எளிதில் விளங்கும்.

அந்தக் கையின் வேலை இவை. பெரிய வெள்ளை அவரைப் பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்து, அவித்து, தக்காளியோடும் செலரியோடும் போறணையில் மேற்பகுதி சற்றுக் கருகும் வரை வாட்டிய கிகாந்தெஸ். தக்காளியையும் கறிமிளகாயையும் குடைந்து, அரிசியும் புதினாவும் அடைத்து, இடையிடையே உருளைக்கிழங்கைச் செருகிச் சுட்ட யெமிஸ்தா. இதில் அரிசியைவிட அந்தக் கிழங்கே எனக்கு மேலானது, ஏனென்றால் எல்லாச் சாறும் அதில்தான் இறங்குகிறது. சந்தொரினித் தீவின் மஞ்சள் பயற்றைக் கடைந்து, பச்சை வெங்காயமும் எண்ணெயும் மேலே இட்ட ஃபாவா. கண்ணை மூடிக்கொண்டு உண்டால் நம் வீட்டுப் பருப்புத்தான். கோடையில் விளீத்தா என்ற கீரையை அவித்து எண்ணெயும் தேசிப்புளியும் விட்டுத் தருவார்கள். அது நம் முளைக்கீரையின் இனமே. குளிர்காலத்தில் அந்த இடத்துக்குக் கசப்பான காட்டுக்கீரைகள் வரும். கத்தரிக்காயும் அரைத்த இறைச்சியும் அடுக்கி, மேலே வெள்ளைச் சாந்து தடித்து நிற்கும் முசாக்காவைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கொலாஸ் செலெமெந்தெஸ் என்ற சமையல் வல்லுநர் பரப்பிய பிரெஞ்சுச் சாந்து அதன்மேல் ஏறியது. நன்றாகச் செய்தால் நல்ல உணவுதான், ஆனால் அதைப் பெரும்பாலான இடங்களில் மீண்டும் சூடாக்கியே தருகிறார்கள். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த 1923இன் மக்கள் பரிமாற்றத்தில் சின்ன ஆசியாவிலிருந்து வந்த அகதிகளின் கைவண்ணமான ஸ்மிர்னா இறைச்சி உருண்டை மட்டும் விதிவிலக்கு. அரைத்த இறைச்சியில் நற்சீரகமும் உள்ளியும் சேர்த்துத் தக்காளிச் சாற்றில் வேகவைப்பதால், அதுவும் பானையில் இருந்து இருந்து சுவை கூடும் இனத்தைச் சேர்ந்தது.

இப்போது ரொறன்ரோவிலும் அமெரிக்க நகரங்களிலும் மத்தியதரைக்கடல் உணவு என்ற பலகையோடு புதுவகைக் கடைகள் பெருகுகின்றன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக உள்ள தட்டுகளிலிருந்து சோறு, கொண்டைக்கடலையை அரைத்த ஹுமுஸ், கடலை வடை போன்ற ஃபலாஃபெல், ஊறுகாயிட்ட வெங்காயம், ஃபெட்டா என்று சுட்டிக்காட்டி ஒரு கிண்ணத்தை நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவில் கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் மூவர் 2006இல் மேரிலாந்தில் தொடங்கிய காவா என்ற உணவகம் இந்த வழியில் வளர்ந்து 2023இல் நியூயோர்க் பங்குச்சந்தையில் இடம்பிடித்தது. மதிய இடைவேளைக்கு இது நல்ல சாப்பாடு. பயறும் காயும் மலிவாகவும் விரைவாகவும் கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆயினும் லெபனான், சிரியா முதலிய லெவாந்து நாடுகளின் ஹுமுஸையும் கிரேக்க ஃபெட்டாவையும் ஒரே கிண்ணத்தில் சேர்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் உரிய ஊர் மறைந்துவிடுகிறது. ஏதென்ஸின் பழைய தவேர்னாக்களில் ஹுமுஸை நீங்கள் காண்பது அரிது. அதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, கிண்ணத்தில் உள்ளவை அருகருகே இருக்கின்றனவே தவிர ஒன்றோடொன்று வேகவில்லை என்பதுதான். எண்ணெய் மேலே தூவும் பொருளாக இருக்கிறது. அதில் எதுவும் ஒரு மணி நேரம் கிடந்து பதம் மாறவில்லை.

எனவே டான்ஃபோர்த்துக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. கூட்டமான வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து, வாரநாளில் மதியம் பிந்தியோ மாலை முந்தியோ போங்கள்; பானைச் சமையல் அப்போதுதான் தீராமலும், ஆறிப் பதம் கூடியும் இருக்கும். முதியவர்கள் கிரேக்கத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். நால்வர் போனால் நான்கு சுவ்லாக்கிக் கோப்பை வேண்டாம். இறைச்சிக்கு ஒன்று போதும். கிராமத்துச் சலாது ஒன்று, கிகாந்தெஸ் ஒன்று, அவித்த கீரை ஒன்று, அன்றைக்கு எண்ணெயில் சமைத்தது எதுவோ அது ஒன்று, நிறையப் பாண் என்று கேட்டு எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். சூடாக்கித் தர வேண்டாம் என்று சொன்னால், இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று குசினிக்குள் மதிப்பார்கள். பெருவிரதம் தொடங்கும் திங்கட்கிழமையில் போகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அன்று எள் தூவிய தட்டையான லகானா பாணும், மீன்சினையில் அடித்த தரமாவும், கணவாயும், ஃபாவாவும், ஹல்வாவும் கிரேக்கக் குடும்பங்களுக்காகவே ஆயத்தமாகும்; பின்பக்க மேசையில் இருந்தவற்றில் பல அன்றைக்கு முன்பக்கத்துக்கு வந்துவிடும். மற்ற நாட்களில் பட்டியலில் இல்லை என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். இல்லை என்று சொன்னால், எந்த நாளில் இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நாளைச் சொல்வார்கள்.